பங்குனி ஆமையும் இழுவலையும்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் நம் கத்தோலிக்க வீடுகளில் இறைச்சி சமைப்பதில்லை, சுத்தபோசனம் அனுசரிக்கிறோம். மீனுக்குத் தடை இல்லை. ஆகவே அன்று பல வீடுகளில் மீன் குழம்பு கொதிக்கும். கடற்கரையிலிருந்து ஐஸ் வைத்து வந்த சங்கராவோ, காரப்பொடியோ, இறாலோ நம் ஊர்க் கடைத்தெருவில் கூறு கட்டி விற்கப்படும். அம்மா பேரம் பேசி வாங்கி வருவார். உண்டு முடித்து, மாலையில் சிலுவைப்பாதைக்குச் செல்வோம்.

அந்த மீன் கடலில் வலைக்குள் அகப்பட்ட நேரத்தில், அதனுடன் வேறு எந்த உயிர்கள் அகப்பட்டன என்று நாம் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? இக்கட்டுரை அதைப் பற்றியதே.

உத்திரமேரூருக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். 2019ஆம் ஆண்டில் செங்கற்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தின் கடற்கரை முழுவதும் அம்மாவட்டத்திற்குச் சென்றுவிட்டது. ஆயினும் தொடர்பு அறுந்துவிடவில்லை. நம் பக்கத்துச் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது. பாலாறு வாயலூர் அருகே வங்கக் கடலை அடைகிறது. நம் மழைநீர் கடலுக்குப் போகிறது. கடலின் மீன் நம் தட்டுக்கு வருகிறது. எனவே கடலில் நடப்பதில் நமக்கும் பங்கு உண்டு.

வலை உவமை

விண்ணரசைப் பற்றி ஆண்டவர் கூறிய உவமைகளுள் ஒன்று வலையைப் பற்றியது என்பதை நாம் மறைக்கல்வி வகுப்பில் படித்திருக்கிறோம். கடலில் வீசப்பட்ட வலை எல்லா வகை மீன்களையும் வாரிக்கொண்டு வருகிறது. மீனவர்கள் கரையில் அமர்ந்து நல்லவற்றைக் கூடையில் சேர்த்து, ஆகாதவற்றை எறிந்துவிடுகிறார்கள்.

வலைக்குக் கண் உண்டு; ஆனால் பார்வை இல்லை. வேண்டியது எது, வேண்டாதது எது என்று அது அறியாது. மீனவர் பிடிக்க விரும்பாமலே வலையில் அகப்படும் உயிர்களை ‘வேண்டாப் பிடிப்பு’ என்று சொல்லலாம். அன்று கரையில் அமர்ந்து தரம் பிரித்தாலே போதும் என்றிருந்தது. இன்று விசைப்படகின் பெரிய இழுவலையில், தரம் பிரிக்கும் நேரம் வருவதற்குள் சில உயிர்கள் இறந்துவிடுகின்றன. இவற்றுள் நம் கரையில் முதன்மையானது பங்குனி ஆமை.

பங்குனி ஆமையின் வாழ்க்கை

இந்தியக் கடல்களில் ஐந்து வகைக் கடலாமைகள் உண்டு. அவற்றுள் நம் கரைக்கு மிகுதியாக வந்து முட்டையிடுவது பங்குனி ஆமை. ஓடு ஏறக்குறைய 2 அடி நீளம் இருக்கும். எடை சுமார் 40 கிலோ. ஓட்டின் நிறம் பழுப்பும் பச்சையும் கலந்தது.

மார்கழி தொடங்கிப் பங்குனி வரையிலான இரவுகளில் பெண் ஆமை கரையேறும். அலை எட்டாத மணலில் பின் துடுப்புகளால் பானை வடிவில் குழி தோண்டி, நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலால் மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பும். தான் பொரித்து வெளிவந்த கரைப் பகுதியையே பெரும்பாலும் தேடி வருவது வியப்புக்குரியது. முட்டைகளை அடைகாப்பது தாயல்ல, மணலின் வெப்பமே. 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். மணல் சற்றுக் குளிர்ந்திருந்தால் ஆண் குஞ்சுகளும், வெப்பம் மிகுந்திருந்தால் பெண் குஞ்சுகளும் அதிகமாகப் பிறக்கும்.

கடலைச் சேரும் குஞ்சுகளில் ஆயிரத்திற்கு ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகிறது என்பார்கள். அவ்வாறு தப்பிய ஒன்று முட்டையிடும் பருவத்தை அடையப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகையால் கரைக்கு வரும் வழியில் ஒரு தாய் ஆமை இறந்தால், அது ஓர் உயிரின் இழப்பு மட்டுமன்று. ஆயிரம் ஆபத்துகளைக் கடந்து வந்த ஒன்றும், அது இடவிருந்த முட்டைகளும் ஒருசேர அழிகின்றன.

இழுவலை வேலை செய்யும் விதம்

முற்காலத்தில் நம் மீனவர் கட்டுமரத்திலும் நாட்டுப்படகிலும் சென்றனர். 1952ஆம் ஆண்டில் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகியவை செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயனாகக் கேரளக் கரையில் விசைப்படகு மீன்பிடிப்பு வளர்ந்தது. பின்னர் இழுவலை தமிழ்நாட்டுக் கரைக்கும் பரவிற்று. இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்ததால் இழுவலைப் படகுகள் பெருகின.

இழுவலை புனல் போன்றது. முன்வாய் அகன்றும், பின்புறம் குறுகிப் பையாகவும் இருக்கும். இரு பக்கங்களிலும் கட்டிய கனத்த பலகைகள் வாயை விரித்துப் பிடிக்கின்றன. படகு முன்னே செல்ல, வலை கடலின் அடித்தரையை உரசிக்கொண்டே பல மணி நேரம் பின்னால் வருகிறது. இறால், நண்டு, மீன் எல்லாம் கடைசிப் பைக்குள் சேர்கின்றன.

பங்குனி ஆமைக்கு இறாலும் நண்டும் விருப்பமான உணவு. அவை நிறைந்த ஆழம் குறைந்த கரையோரக் கடலில்தான் அது முட்டையிடும் காலத்தில் கூடுகிறது. இழுவலைப் படகும் அவ்விடத்தையே நாடுகிறது. இவ்வாறு இரண்டும் சந்திக்கின்றன.

ஆமை நீரில் வாழ்ந்தாலும் அதற்குச் செவுள் கிடையாது. நம்மைப்போல் நுரையீரலால் மூச்சு விடுவது. அமைதியாக இருக்கும்போது ஒரே மூச்சில் நீண்ட நேரம் நீருக்கடியில் தங்கவல்லது. வலை துரத்தும்போதோ அதன் முன்னே நீந்தி நீந்திக் களைத்துப் போகிறது. பின் வலைக்குள் விழுந்து, வழி தேடி முட்டி மோதுகிறது. இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடுகிறது. வலையை ஒரு மணி நேரத்திற்கு மேல் இழுத்தால், அகப்பட்ட ஆமைகள் இறப்பது வேகமாக உயர்கிறது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். கடலிலேயே வாழும் உயிர் கடலிலேயே மூழ்கி இறக்கிறது!

2025ஆம் ஆண்டுத் தை மாதம்

இவ்வாறு இறக்கும் ஆமைகள் ஆண்டுதோறும் நம் கரைகளில் ஒதுங்குவது உண்டு. ஆனால் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் நடந்தது எல்லோரையும் திடுக்கிடச் செய்தது. சென்னையையும் அதை அடுத்த திருவள்ளூர், செங்கற்பட்டு மாவட்டங்களையும் சேர்ந்த கரைகளில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கிக் கிடந்தன. அறுத்துப் பரிசோதித்த மருத்துவர்கள் மூச்சுத் திணறலின் அடையாளங்களைக் கண்டனர். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து இதை வழக்காக எடுத்துக்கொண்டது.

கரையில் ஒதுங்குவது இறந்தவற்றில் ஒரு பகுதியே. இறந்த ஆமை முதலில் மூழ்கும். சில நாட்களில் உடல் ஊதி மிதக்கும். காற்றும் நீரோட்டமும் கரைப்பக்கம் தள்ளினால்தான் நம் கண்ணில் படும்.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பங்குனி ஆமை முதல் அட்டவணையில் இருக்கிறது. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி விசைப்படகுகள் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு, அதாவது சுமார் 5½ கிலோமீட்டருக்கு அப்பால்தான் மீன் பிடிக்க வேண்டும். கட்டுமரத்து மீனவருக்கும் விசைப்படகுக்காரருக்கும் மூண்ட சண்டைகளே இச்சட்டம் பிறக்கக் காரணம். அது ஏழை மீனவரின் வலையையும் காக்கிறது, ஆமையையும் காக்கிறது. ஆனால் எல்லைக் கோட்டைக் கடலில் வரைந்து வைக்க முடியாது. இறால் கரைப்பக்கம் இருக்கும்போது படகும் கரைப்பக்கம் வந்துவிடுகிறது.

ஆண்டுதோறும் நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. மீன்கள் இனம் பெருக வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட தடை இது. ஆமைகள் கரைக்கு வருவதோ அதற்கு முந்திய மாதங்களில். தடை தொடங்கும்போது பெரும்பாலான தாய் ஆமைகளின் பருவம் முடிந்துவிடுகிறது. ஆகவே இத்தடை மட்டும் போதாது என்பது தெளிவு.

நீருக்கடியில் தரம் பிரித்தல்

வலை உவமையில் கரையில் நடந்த தரம் பிரித்தல், கடலுக்கடியிலேயே நடந்தால் என்ன? இக்கேள்விக்கு விடை ஒரு மீனவரிடமிருந்தே வந்தது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சிங்கி பூன் என்ற இறால் மீனவர் இருந்தார். அவருடைய வலையில் ஜெல்லி மீன்கள் ஏராளமாக ஏறி இறாலை நசுக்கி வந்தன. 1960களின் இறுதியில் அவர் வலையின் கழுத்தில் ஒரு கம்பிச் சட்டத்தைச் சாய்வாகப் பொருத்திப் பார்த்தார். சிறிய இறால்கள் கம்பிகளுக்கிடையே புகுந்து பைக்குள் சென்றன. பெரியவை சட்டத்தில் மோதி, அருகில் விடப்பட்ட திறப்பின் வழியாக வெளியேறின. ஜெல்லி மீனுக்காகச் செய்த கருவி ஆமையையும் விடுவித்தது. இதிலிருந்து வளர்ந்ததே ‘ஆமை விலக்குக் கருவி’.

நம் நாட்டில் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிலையம் நம் படகுகளுக்கு ஏற்றவாறு இதை வடிவமைத்துள்ளது. நீள்வட்டச் சட்டத்தில் ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளிவிட்டுக் கம்பிகள் பொருத்தப்பட்டிருக்கும். அதில் இயந்திரமும் இல்லை, மின்சாரமும் இல்லை. நம் வீட்டுச் சல்லடை செய்யும் வேலையை அது கடலில் செய்கிறது, அவ்வளவே.

அப்படியானால் எல்லாரும் ஏன் பொருத்துவதில்லை? திறப்பின் வழியே பெரிய மீன்களும் போய்விடுமே என்பது மீனவரின் அச்சம். அந்த அச்சத்தை ஏளனம் செய்யலாகாது. டீசல், ஐஸ், ஆட்கூலி எல்லாம் கடன் வாங்கிச் செய்த செலவு. ஒரு நாள் பாடு குறைந்தால் அந்தக் குடும்பத்தின் அடுப்பு அணையும். சரியாகப் பொருத்தினால் இழப்பு சிறிதளவே என்று சோதனைகள் காட்டுகின்றன. ஆயினும் அச்சிறிய இழப்பை மீனவர் ஒருவரே தாங்க வேண்டுமா, மீன் உண்ணும் நாமும் அரசாங்கமும் பகிர்ந்துகொள்ள வேண்டாமா என்பது நியாயமான கேள்வி. கருவி பொருத்தாததால் வரும் இழப்பும் உண்டு. நம் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா 2019ஆம் ஆண்டு வாங்க மறுத்ததற்கு இதுவே காரணம்.

படகில் ஏற்றிய ஆமை அசைவற்றுக் கிடந்தாலும் இறந்துவிட்டதென்று கடலில் எறிந்துவிடக்கூடாது. மயக்கமாக இருக்கலாம். வயிறு கீழ்ப்புறமாக இருக்கும்படி படுக்க வைத்து, பின்பாகத்தைச் சற்று உயர்த்தி, நிழலில் ஈரத் துணி போர்த்திச் சில மணி நேரம் வைத்திருந்தால் நுரையீரலில் புகுந்த நீர் வடிந்து அது பிழைப்பதுண்டு.

தென்கடல்களின் பறவைகள்

உலகின் தென்கோடிக் கடல்களில் இழுவலை பறவைகளையும் கொல்கிறது. பறவை எப்படி வலையில் விழும் என்று நீங்கள் கேட்கலாம்.

அக்கடல்களில் அல்பட்ராஸ் என்னும் பெரும்பறவை வாழ்கிறது. சில வகைகளின் சிறகு விரிப்பு 11 அடி வரை இருக்கும். நம் வங்கக் கடலில் அது வாழ்வதில்லை. ஓர் ஈட்டிற்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். நீண்ட ஆயுள் உடையது. பசிபிக் கடலின் மிட்வே தீவில் 1956ஆம் ஆண்டு காலில் வளையம் மாட்டப்பட்ட ‘விஸ்டம்’ என்ற பெண் பறவை, 2024ஆம் ஆண்டின் இறுதியிலும் முட்டையிட்டது. அப்போது அதற்கு வயது ஏறக்குறைய 74!

படகில் மீனைச் சுத்தம் செய்து, தலையையும் குடலையும் கடலில் கொட்டுவார்கள். அதைத் தின்னப் பறவைகள் கூட்டமாகப் படகைத் தொடரும். படகின் பின்புறத்திலிருந்து நீருக்குள் இறங்கும் கனத்த எஃகுக் கயிறுகள்தாம் வலையை இழுப்பவை. உணவில் கண்ணாயிருக்கும் பறவையின் சிறகில் கயிறு மோதும். சிறகைச் சுற்றி நீருக்குள் இழுத்துவிடும். சில பறவைகள் வலைக்கண்ணிலும் சிக்கும். தென்னாப்பிரிக்காவில் ‘ஹேக்’ மீன் பிடிக்கும் இழுவலைப் படகுகளால் ஆண்டுக்குச் சுமார் 18,000 பறவைகள் இறப்பதாக 2004-05ஆம் ஆண்டளவில் மதிப்பிட்டனர்.

இதற்கும் மருந்து எளியதே. நம் கோயில் திருவிழாவில் கொடிமரத்திலிருந்து வண்ணத் தோரணம் கட்டுகிறோம் அல்லவா? அதுபோல் படகின் பின்புறத்தில் வண்ண நாடாக்கள் தொங்கும் கயிற்றைக் கட்டிவிடுகிறார்கள். காற்றில் ஆடும் நாடாக்களுக்கு அஞ்சிப் பறவைகள் எஃகுக் கயிற்றை நெருங்குவதில்லை. இதற்கு ‘டோரி கயிறு’ என்று பெயர். ‘டோரி’ என்றால் ஜப்பானிய மொழியில் பறவை. இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் தூண்டில் இரையைப் பறவைகள் கொத்திக்கொண்டு போவதைத் தடுக்க நினைத்த ஜப்பானிய மீனவர்களே. தென்னாப்பிரிக்க இழுவலைப் படகுகளில் இதைக் கட்டாயமாக்கிய சில ஆண்டுகளுக்குள் அல்பட்ராஸ் பறவைகளின் இறப்பு நூற்றுக்கு 90க்கும் மேல் குறைந்தது. மீன்பிடித் தொழிலும் நிற்கவில்லை, பறவையும் பிழைத்தது.

கம்பிச் சட்டமும் மீனவர் கண்டது, தோரணக் கயிறும் மீனவர் கண்டது என்பதைக் கவனியுங்கள். அவர்களைக் குற்றவாளிகளாக நிறுத்துவதால் ஆமை பிழைக்காது. அவர்களுடன் சேர்ந்தால்தான் பிழைக்கும்.

நம் மண் கற்பிக்கும் பாடம்

இது நமக்குப் புதிய பாடமும் அன்று. நமக்கு அருகிலுள்ள வேடந்தாங்கலை எல்லோரும் அறிவோம். அவ்வூர் ஏரிக்கு வந்த பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர் மக்கள் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டில் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊருக்கு எழுதிக் கொடுத்தார். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் நெல்லுக்கு நல்ல உரம் என்பதை அவ்வுழவர்கள் அறிந்திருந்தனர். உயிர்களைக் காப்பதும் தம் வயிற்றைக் காப்பதும் வேறல்ல என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள்.

நம் உத்திரமேரூரோ அதனினும் பழைய சான்றைச் சுவரிலேயே வைத்திருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையைக் கூறுகின்றன. ஏரியைக் கவனிக்க ‘ஏரி வாரியம்’ இருந்தது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர். ஏரி எல்லாருக்கும் பொது. ஆகவே அதை ஆள்பவர் கணக்குச் சொல்ல வேண்டும். கடலும் எல்லாருக்கும் பொதுவே. அதிலிருந்து எடுப்பவரும், எடுத்ததை உண்பவரும் கணக்குச் சொல்ல வேண்டாமா?

முடிவுரை

1979ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அசிசி நகரத்துப் புனித பிரான்சிசைச் சுற்றுச்சூழலின் பாதுகாவலராக அறிவித்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டில் பூமியை நம் அனைவரின் பொது இல்லமாகப் பேணுமாறு திருமடல் எழுதினார். படைப்பைக் காப்பது பக்தியின் ஒரு பகுதி என்பதே இவற்றின் பொருள்.

சென்னைக் கடற்கரையில் 1988ஆம் ஆண்டு முதல் மாணவர்கள் இரவெல்லாம் நடந்து, ஆமை முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். தொடங்கியவர்களும் உங்களைப்போல் படிக்கிறவர்களே. அன்பு மாணவியரே, நீங்கள் கடற்கரைக்கு அருகில் இல்லை. ஆனால் உங்கள் வீட்டு மீன் எப்படிப் பிடிக்கப்பட்டது என்று கேட்கலாம். மாசி, பங்குனியில் உறவினர் வீட்டிற்குக் கடலோரம் சென்றால், குஞ்சு பொரிக்கும் இடத்தைக் கண்டு வரலாம். ஆமை விலக்குக் கருவிக்கு மீனவருக்கு உதவி தரும்படி நாளை வாக்காளராகவும் அதிகாரியாகவும் நின்று கேட்கலாம். உங்களுள் ஒருத்தி இதைவிட நல்ல கருவியைச் செய்யவும் கூடும்.

அடுத்த தவக்காலத்து வெள்ளியன்று மீன் குழம்பின் முன் அமரும்போது, உணவைத் தந்த இறைவனுக்கும், இரவில் கடலுக்குப் போன மீனவருக்கும் நன்றி சொல்லுவோம். முட்டையிட நம் கரையைத் தேடி நீந்தி வரும் அந்தத் தாய்களுக்கு வழி திறந்திருக்க வேண்டுமென்றும் செபிப்போம்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. கடலில் வாழும் ஆமை கடலில் மூழ்கி இறப்பது எவ்வாறு?
2. 61 நாள் மீன்பிடித் தடை பங்குனி ஆமைக்குப் போதுமான பாதுகாப்பு ஆகாதது ஏன்?
3. ஆமை விலக்குக் கருவியின் படம் வரைந்து, இறால் செல்லும் வழியையும் ஆமை வெளியேறும் வழியையும் குறிக்கவும்.
4. கருவியால் மீனவருக்கு ஏற்படும் இழப்பை யார் ஏற்க வேண்டும்? உங்கள் வீட்டில் பெற்றோருடன் கலந்து பேசி ஒரு பக்கம் எழுதுக.